‘ஆமாம், ஒப்புக்கொள்கிறேன்’: அந்தப் பதிலுக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டியவை

வழக்கு எண்ணை அழைக்கிறார்கள். குற்றச்சாட்டை வேகமாக வாசிக்கிறார்கள். “குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று நீதிபதி கேட்கிறார். கூண்டில் நிற்பவர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்க்கிறார். வக்கீல் லேசாகத் தலையசைக்கிறார். “ஆமாம் ஐயா.” அவ்வளவுதான். சாட்சி ஏறவில்லை, குறுக்கு விசாரணை இல்லை, வாய்தா இல்லை. அடுத்த வழக்கை அழைத்துவிடுகிறார்கள்.

உலகின் பல நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் இப்படித்தான் முடிகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012-இல் ஒரு தீர்ப்பில் இந்தக் கணக்கைக் குறிப்பிட்டது: கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றவாளி என்ற முடிவுக்கு வந்த வழக்குகளில் 97 சதவீதமும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் ஒப்புதலால் முடிந்தவை. சினிமாவில் பார்க்கும் வாதப் பிரதிவாதமெல்லாம் மிச்சமிருக்கும் சொச்சத்தில்தான் நடக்கிறது.

இப்படி ஒப்புதலோடு முடிக்கும் சுருக்க விசாரணை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே தப்பு செய்தவர், அதை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனையோடு வெளியே வந்து வாழ்க்கையைப் பார்க்க நினைப்பதில் என்ன குற்றம்? பாதிக்கப்பட்டவருக்கும் பல வருட அலைச்சல் மிச்சம். ஆனால் முழு விசாரணையில் மாதக்கணக்கில் பரவிக் கிடக்கும் பாதுகாப்புகள் எல்லாம் இங்கே அந்த ஒரு ‘ஆமாம்’ மேல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதனால் அந்தப் பதில் எப்படி வந்தது என்பதைத் துருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர், அவர் குடும்பம், இளம் வக்கீல், சட்டம் படிக்கும் மாணவர் என யாராக இருந்தாலும் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று இங்கே சொல்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான்.

படி 1: எந்த வகை நடைமுறைக்குள் நிற்கிறோம்?

‘ஒப்புதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சங்கதிகள் இருக்கின்றன. இதைக் குழப்பிக்கொண்டால் பின்னால் எல்லாமே குழம்பும்.

முதலாவது, வெறும் ஒப்புதல். யாரோடும் பேரம் இல்லை. குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது ‘செய்தேன்’ என்கிறார். நீதிபதி தண்டனை விதிக்கிறார். இங்கிலாந்தில் எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறாரோ அவ்வளவு சலுகை. முதல் வாய்ப்பிலேயே சொன்னால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குவரை குறையும். அந்தக் கட்டம் தாண்டினால் அதிகபட்சம் கால் பங்கு. விசாரணை தொடங்கும் நாளன்று சொன்னால் பத்தில் ஒரு பங்குதான்.

இரண்டாவது, பேரம். அரசு வழக்கறிஞரும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பும் உட்கார்ந்து பேசி, ‘இதை ஒப்புக்கொள், அதைக் கைவிடுகிறோம்’ அல்லது ‘இவ்வளவு தண்டனைதான் கேட்போம்’ என்று முடிவு செய்வது. இத்தாலியில் 1989-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பில் இது இருக்கிறது. ஜார்ஜியாவில் 2004-இல் வந்தது. இந்தியாவில் 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு 2006 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கும் அங்கே இந்த வழி கிடையாது.

மூன்றாவது, காகிதத்திலேயே முடிவது. ஜெர்மனியில் சிறு குற்றங்களுக்கு அரசு வழக்கறிஞர் கேட்க, நீதிபதி தண்டனை ஆணையை எழுத்தில் அனுப்புவார். இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபம் சொன்னால் வழக்கமான விசாரணை. சொல்லாவிட்டால் ஆணை தீர்ப்பாகிவிடும். வாயைத் திறந்து எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே தண்டனை வந்துசேரும் வகை இது. இங்கே சும்மா இருப்பதுதான் ஒப்புதல். தபால் உறையைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

எந்த வகை என்று தெரிந்தவுடன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: ஒப்புக்கொண்டால் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறேன்? சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதை விடுகிறோம். மௌனமாக இருக்கும் உரிமையை விடுகிறோம். ஜூரி உள்ள நாடுகளில் ஜூரியை விடுகிறோம். மேல்முறையீடும் பெரும்பாலும் சுருங்கும். ஆனால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை, புரியும் மொழியில் குற்றச்சாட்டைக் கேட்கும் உரிமை, நடுநிலையான நீதிபதி ஆகியவை ஒப்புதலோடு போய்விடுவதில்லை. குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டு பன்னாட்டு உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு இவற்றைக் குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் உரிய குறைந்தபட்ச உரிமைகள் என்கிறது. ஒப்புக்கொள்ளப் போகிறவருக்கு அதில் தனிக் கழிவு எதுவும் கிடையாது.

படி 2: குற்றச்சாட்டைக் கூறு கூறாகப் பிரியுங்கள்

‘நடந்ததை ஒப்புக்கொள்கிறேன்’ என்பதும் ‘அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்பதும் ஒன்றில்லை. ஒருவர் அடித்தார், அடிபட்டவர் இறந்தார். அது கொலையா, கொலையாகாத மரணமா, தற்காப்பா? அடித்ததை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. எண்ணம் என்ன என்று பார்க்க வேண்டும்.

1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போனது. ஓர் இளைஞர் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். கொல்லும் எண்ணம் இருந்திருந்தால்தான் அந்தக் குற்றமே ஆகும் என்று வக்கீலும் சொல்லவில்லை, நீதிபதியும் சொல்லவில்லை. எதை ஒப்புக்கொள்கிறோம் என்றே தெரியாமல் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம்.

எனவே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப் பிரிவு கேட்கும் கூறுகளை இடப்பக்கம் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: செயல், எண்ணம், விளைவு, நேரம், பொருளின் மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘தெரியாது’ என்று குறியுங்கள். ஓரிடத்தில் ‘இல்லை’ வந்தாலும் நின்றுவிடுங்கள். அது ஒப்புதல் வழக்கே இல்லாமலிருக்கலாம், அல்லது வேறு சிறிய பிரிவில் ஒப்புக்கொள்ள வேண்டிய வழக்காக இருக்கலாம்.

மொழியையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். சட்ட மொழி வேறு, புரியும் மொழி வேறு. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அவரை இலவசமாகத் தர வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதுவும் நீதிமன்றத்தில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. பேரம் பேசும்போதும், காகிதத்தில் கையெழுத்து வாங்கும்போதும் வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் யாரும் ‘புரிந்தது’ என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன், நீங்களும் சொல்வீர்கள். ‘உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

படி 3: வழக்குக் கட்டைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்

எதிர்த்தரப்பிடம் என்ன சாட்சியம் இருக்கிறது என்று தெரியாமல் ஒப்புக்கொள்வது, சீட்டைப் பார்க்காமல் ஆட்டத்தைக் கைவிடுவது போலத்தான். முதல் தகவல் அறிக்கை அல்லது அந்த நாட்டில் அதற்கு இணையான புகார், சாட்சி வாக்குமூலங்கள், மருத்துவ அறிக்கை, தடய அறிக்கை, சிசிடிவி காட்சி, செல்போன் பதிவு எல்லாவற்றையும் கேளுங்கள். அரசுத் தரப்புக்குப் பாதகமானதையும் சேர்த்தே கேளுங்கள்.

சுருக்க நடைமுறையில் இந்தப் படியைத்தான் முதலில் வெட்டுவார்கள். ‘சலுகை இன்று மாலை வரைதான்’ என்பார்கள். தடய அறிக்கை வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றால், மாலைக்குள் பதில் கேட்பது ஏன் என்று யோசிக்க வேண்டும். பிரான்ஸில் 2004-இல் கொண்டுவந்த ஒப்புதல் நடைமுறையில், அரசு வழக்கறிஞர் சொல்லும் தண்டனையை ஏற்பதற்கு முன் 10 நாள் அவகாசம் கேட்கலாம். நல்ல ஏற்பாடு. உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும், தயாரிப்புக்குப் போதிய நேரமும் வசதியும் கேட்கும் உரிமை பன்னாட்டு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அவகாசத்தை எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: வக்கீல்

பிரெஞ்சு நடைமுறையில் ‘எனக்கு வக்கீல் வேண்டாம்’ என்று சொல்லவே முடியாது. ஒப்புதல் என்றால் வக்கீல் கட்டாயம். இதை எல்லா நாடுகளும் பின்பற்றினால் நல்லது என்பது என் கருத்து. முழு விசாரணையில் வக்கீல் இல்லாதவருக்கு நீதிபதியாவது நடுநடுவே ஒரு கேள்வி கேட்டுக் கைகொடுக்கலாம். ஒப்புதல் வழக்கில் முக்கியமான பேச்சு நீதிபதி இல்லாத அறையில் முடிந்துவிடுகிறது.

வக்கீல் எப்போது வர வேண்டும்? முதல் போலீஸ் விசாரணையிலிருந்தே. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008-இல், துருக்கி சம்பந்தப்பட்ட சால்டுஸ் வழக்கில், காவலில் முதல் விசாரணையின்போதே வக்கீல் கிடைக்க வேண்டும் என்று பொது விதியாகச் சொன்னது. ஏனென்றால் காவல் நிலையத்தில் வாய் தவறிச் சொன்ன ஒரு வரி அதன்பின் பேரம் முழுவதையும் நடத்தும்.

வக்கீல் இருந்தால் போதுமா? போதாது. பின்வரும் இரண்டு வழக்குகளிலும் வக்கீல் இருந்தார்.

ஒருவர், ரத்தான உரிமத்தோடு வண்டி ஓட்டி அமெரிக்காவின் மிசௌரியில் மாட்டினார். அரசு வழக்கறிஞர் எழுத்தில் ஒரு சலுகை அனுப்பினார்: சிறு குற்றமாக ஒப்புக்கொண்டால் 90 நாள். வக்கீல் அதைக் கட்சிக்காரரிடம் சொல்லவே இல்லை. கெடு தாண்டியது. பிறகு எந்தச் சலுகையும் இல்லாமல் ஒப்புக்கொண்டவருக்கு மூன்று வருடம். வந்த சலுகையைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று தோன்றும். தெரிய வேண்டியிருந்திருக்கிறது.

இன்னொருவர், நாற்பது வருடமாக அமெரிக்காவில் வாழ்ந்தவர், குடியுரிமை இல்லாதவர். கஞ்சா கடத்திய வழக்கில் ஒப்புக்கொண்டார். ‘இவ்வளவு காலம் இங்கே இருக்கிறீர்கள், நாடு கடத்துவார்களோ என்று கவலைப்பட வேண்டாம்’ என்று வக்கீல் சொன்னார். அந்தக் குற்றத்துக்கு நாடு கடத்தல் ஏறக்குறைய நிச்சயம். தப்பான ஆலோசனை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

ஆக, வக்கீலிடம் கேட்க வேண்டியவை இவை: எதிர்த்தரப்பிலிருந்து என்னென்ன சலுகை வந்தது, எப்போது? முழு விசாரணைக்குப் போனால் என்ன வாய்ப்பு? தண்டனையைத் தவிர வேலை, உரிமம், வெளிநாட்டுப் பயணம், குடியேற்றம், குழந்தைப் பொறுப்பு ஆகியவற்றில் என்ன அடிவிழும்? பதிலை அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நீதிமன்ற வராந்தாவில் நடந்துகொண்டே தரும் ஆலோசனையை ஆலோசனையாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

படி 5: மனமொப்பியா, வேறு வழியில்லாமலா?

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. யாரும் துப்பாக்கியைத் தலையில் வைத்து ஒப்புதல் வாங்குவதில்லை. அழுத்தம் கண்ணியமாகத்தான் வரும்.

பெல்ஜியத்தில் ஒரு கறிக்கடைக்காரர். பன்றி இறைச்சியை அனுமதித்த விலைக்கு மேல் விற்றார் என்று குற்றச்சாட்டு. அதிகாரி ஆணை போட்டார்: கடையை மூட வேண்டும். தீர்ப்பு வரும்வரையோ, அல்லது சமரசத் தொகையாக 10,000 பிராங்க் கட்டும்வரையோ கடை மூடியே இருக்கும். அவர் பணத்தைக் கட்டினார். சட்டப்படி பார்த்தால், நீதிமன்றம் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். ஆனால் கடையை மாதக்கணக்கில் மூடிவைத்து எவன் வழக்கு நடத்துவான்? ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1980-இல் டெவீர் வழக்கில் சொன்னது அதைத்தான்: விசாரணை உரிமையை அவர் கைவிட்டது நிர்ப்பந்தத்தின் கறை படிந்தது. கட்டும் தொகை சிறியது, மறுத்தால் வரும் இழப்பு பெரியது. அந்த இடைவெளியே நிர்ப்பந்தம்.

இப்போது எதிர்முனையைப் பாருங்கள். கென்டக்கியில் ஒருவர் 88 டாலர் 30 சென்ட்டுக்குப் போலிக் காசோலை கொடுத்தார். ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் கேட்கிறேன், மறுத்தால் பழைய குற்றங்களைச் சேர்த்துத் தொடர் குற்றவாளி என்று வழக்குப் போடுவேன் என்றார் அரசு வழக்கறிஞர். அவர் மறுத்தார். ஆயுள் தண்டனை விழுந்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இது செல்லும் என்றது. சட்டப்படி போடக்கூடிய வழக்கைத்தானே போட்டார் என்பது வாதம். ஐந்து வருடத்துக்கும் ஆயுளுக்கும் நடுவே நிற்பவர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கிறார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நான்கு நீதிபதிகளுக்கும் எழவில்லை.

உங்கள் வழக்கில் எடை போட வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒப்புக்கொண்டால் வரும் தண்டனைக்கும் போராடித் தோற்றால் வரும் தண்டனைக்கும் உள்ள தூரம். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி ஊக்கம் என்று ஏற்கலாம். பத்து மடங்கு வித்தியாசம் மிரட்டல். இன்னொன்று, காவல். பிணை கிடைக்காமல் ஆறு மாதம் உள்ளே இருப்பவரிடம் ‘ஒப்புக்கொண்டால் இருந்த காலமே தண்டனை, இன்றே வீட்டுக்குப் போகலாம்’ என்று சொன்னால், நிரபராதியும் ஒப்புக்கொள்வார். அவர் கணக்குப்படி அது சரியான முடிவும்கூட. இப்படிப்பட்டவருக்கு முதலில் பிணைக்குப் போராடுங்கள். ஒப்புதலைப் பற்றி வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.

இதற்குப் பயந்துதான் இந்திய உச்ச நீதிமன்றம் 1980-இல், உணவுக் கலப்பட வழக்கு ஒன்றில், பேரம் பேசி ஒப்புதல் வாங்குவதை அடியோடு கண்டித்தது. நிரபராதிகூட நீண்ட விசாரணையின் தொல்லைக்கு அஞ்சி ஒப்புக்கொண்டுவிடுவார் என்பது அதன் கவலை. கால் நூற்றாண்டு கழித்து நாடாளுமன்றம் அதே வழியைச் சட்டமாக்கியது. ஆனால் ஒரு தாழ்ப்பாளோடு. விண்ணப்பித்தவரை நீதிபதி தனி அறையில், எதிர்த்தரப்பு இல்லாமல் விசாரித்து, அவர் தானாகத்தான் வந்தாரா என்று உறுதிசெய்ய வேண்டும்.

படி 6: பேசியதை எழுதி வாங்குங்கள்

வாய்வார்த்தைப் பேரத்தின் கதி என்ன? நியூயார்க்கில் ஓர் அரசு வழக்கறிஞர், தண்டனை பற்றி எதுவும் கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கினார். தண்டனை நாளில் வேறோர் அரசு வழக்கறிஞர் வந்தார். அவருக்கு அந்த வாக்குறுதி தெரியாது. அதிகபட்சத் தண்டனை கேட்டார், கிடைத்தது. வாக்குறுதியை நம்பித்தான் ஒப்புதல் வந்தது என்றால் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: எந்தப் பிரிவில், எந்தச் செயலுக்கு ஒப்புதல், எது கைவிடப்படுகிறது, தண்டனை பற்றி யார் என்ன சொல்வார், நீதிபதி ஏற்காவிட்டால் என்ன, இழப்பீடு எவ்வளவு, எப்போது. குற்றம் சாட்டப்பட்டவர், வக்கீல், அரசு வழக்கறிஞர் என மூன்று தரப்புக் கையெழுத்தும் வேண்டும். பக்கவாட்டில் ‘அதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று யாராவது சொன்னால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அது இல்லாத வாக்குறுதி.

ஜெர்மனியில் 2009 சட்டப்படி, ‘குற்றவாளி’ என்ற முடிவையே பேரப்பொருளாக்க முடியாது. தண்டனை அளவைப் பேசலாம், குற்றம் நடந்ததா என்பதைப் பேச முடியாது. சட்டத்துக்கு வெளியே கதவை மூடிப் பேசும் பேரங்கள் செல்லாது என்று 2013 மார்ச்சில் அந்த நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் கண்டிப்போடு சொன்னது. அப்படிச் சொல்லும் அளவுக்கு நடைமுறை அங்கே வழுக்கியிருந்தது.

படி 7: நீதிபதி உண்மையிலேயே விசாரித்தாரா?

ஐந்து கொள்ளைக் குற்றங்களை ஒருவர் ஒப்புக்கொண்டார். நீதிபதி அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதாகப் பதிவில் இல்லை. மரண தண்டனை. 1969-இல் பாய்கின் எதிர் அலபாமா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மௌனமான பதிவிலிருந்து ஒருவர் தன் உரிமைகளைக் கைவிட்டார் என்று ஊகிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்திய உச்ச நீதிமன்றமும் சென்னை மாநிலத்திலிருந்து போன மகந்த் கௌசல்ய தாஸ் வழக்கில், ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன சொற்களிலேயே கூடுமானவரை பதிய வேண்டும் என்ற விதி கட்டாயமானது என்று சொன்னது. ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒரு வரி எழுதினால் போதாது.

ஐரோப்பாவில் இந்த விஷயத்தில் முக்கியமான தீர்ப்பு 2014-இல் ஜார்ஜியா வழக்கில் வந்தது, நட்ஸ்விலிஷ்விலி மற்றும் டோகொனிட்ஸே வழக்கு. பேரம் பேசி விசாரணையைச் சுருக்குவதில் தவறில்லை, ஆனால் இரண்டு நிபந்தனை என்றது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். வழக்கின் விவரமும் சட்ட விளைவும் முழுதாகத் தெரிந்து, உண்மையிலேயே மனமுவந்து ஏற்றிருக்க வேண்டும். பேரத்தின் உள்ளடக்கத்தையும் அது எட்டப்பட்ட விதத்தையும் நீதிபதி போதிய அளவு பரிசோதித்திருக்க வேண்டும். அந்த வழக்கில் வக்கீல்கள் இருந்தார்கள், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது, திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்டார். எனவே நியாயமான விசாரணை உரிமை மீறப்படவில்லை என்று முடிந்தது.

சரி, நல்ல பரிசோதனை எப்படி இருக்கும்? நான் கற்பனை செய்யும் ஒன்று:

“உங்கள் மேல் என்ன குற்றச்சாட்டு? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.”

“கடையிலிருந்து போனை எடுத்தேன் ஐயா.”

“யார் போன் என்று நினைத்து எடுத்தீர்கள்?”

“என்னுடையது மாதிரியே இருந்தது. வெளியே வந்துதான் பார்த்தேன்.”

“பார்த்ததும் என்ன செய்தீர்கள்?”

“பயந்துபோய்... திருப்பிக் கொடுக்கவில்லை.”

இங்கே நீதிபதி பேனாவைக் கீழே வைக்க வேண்டும். எடுக்கும்போதே திருடும் எண்ணம் இருந்ததா என்பது சந்தேகம். வேறு பிரிவு பொருந்தலாம், திருட்டாகவே இல்லாமலும் போகலாம். ‘ஒப்புக்கொள்கிறீர்களா? ஆமாம்’ என்ற இரண்டு வரிப் பதிவில் இது ஒருநாளும் வெளிவந்திருக்காது. மேற்கொண்டு நீதிபதி கேட்க வேண்டியவை: யாராவது ஏதாவது வாக்குக் கொடுத்தார்களா, மிரட்டினார்களா? வக்கீலோடு எவ்வளவு நேரம் பேசினீர்கள்? மருந்து, தூக்கமின்மை, போதை என்று ஏதாவது இருக்கிறதா? ‘வேண்டாம், விசாரணைக்கே போகிறேன்’ என்று இப்போதும் சொல்லலாம், அது தெரியுமா?

இதோடு ஒப்புதலுக்கு வெளியே ஆதாரம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் நீதிமன்றம் ஒப்புதலைச் சரிபார்த்தே ஆக வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் ஒப்புதலுக்கு நடந்த விவரங்களில் அடிப்படை இருக்கிறதா என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டும். இத்தாலியில் பேரம் முடிந்து வந்தாலும், வழக்குக் கட்டைப் பார்த்து இவரை விடுவிக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தால் நீதிபதி விடுவிக்கலாம். அப்பாவுக்காக மகன், முதலாளிக்காக வேலைக்காரன் பழியை ஏற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

படி 8: பாதி சரி, பாதி இல்லை என்றால்

‘அடித்தேன், ஆனால் கத்தி இல்லை.’ ஒப்புக்கொண்டதாலேயே அரசுத் தரப்பு சொல்லும் எல்லா விவரத்தையும் ஏற்றதாக ஆகிவிடாது. இங்கிலாந்தில் 1982-இன் நியூட்டன் வழக்குக்குப் பிறகு, ஒப்புதலுக்கும் அரசுத் தரப்பு விவரத்துக்கும் தண்டனையை மாற்றும் அளவுக்கு வேறுபாடு இருந்தால், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சாட்சிகளைக் கேட்பார்கள், அல்லது குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை ஏற்றுத் தண்டனை தருவார்கள். உங்கள் நடைமுறையில் இதற்குப் பெயர் இல்லாவிட்டாலும், எதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தாக்கல் செய்யுங்கள்.

படி 9: பேரம் முறிந்தால் சொன்னது என்ன ஆகும்?

இதைப் பேச ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பேரத்துக்காகச் சொன்னதைப் பேரம் முறிந்தபின் அவருக்கு எதிராகவே காட்டினால், அப்புறம் யார் பேச வருவார்கள்? பிரான்ஸில் நீதிபதி ஏற்க மறுத்தால் அந்தப் பேச்சின் பதிவை விசாரணை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஜெர்மனியில் நீதிமன்றம் ஒப்பந்தத்திலிருந்து விலகினால் ஒப்புதலைப் பயன்படுத்த முடியாது. இந்தியச் சட்டத்திலும் பேர விண்ணப்பத்தில் சொன்னதை வேறு காரியத்துக்கு எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. பேரம் இல்லாத வெறும் ஒப்புதலுக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வராது. பேரத்தைக் கேட்ட நீதிபதியே முழு விசாரணையையும் நடத்தப் போகிறார் என்றால், வேறு நீதிபதி வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

படி 10: உடன் குற்றம் சாட்டப்பட்டவர்கள்

ஒருவர் ஒப்புக்கொள்ளும்போது மற்றவர் தலையும் சேர்ந்து உருளும். ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவராக இருந்த நவால்னி மீதான மரவியாபார வழக்கில், உடன் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கைத் தனியாகப் பிரித்து, பேரத்தின் பேரில் துரித நடைமுறையில் தண்டித்தார்கள். ‘இன்னாரோடு சேர்ந்து செய்தார்’ என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியாகிவிட்டது. ஒப்புக்கொண்டவரே பிறகு சாட்சியாகவும் வந்தார். நவால்னியின் விசாரணை தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டது போல. இதில் நியாயமான விசாரணை உரிமை மீறப்பட்டது என்று 2016-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சொன்னது. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் என்றால், மற்றவரின் தீர்ப்பில் உங்கள் பங்கு பற்றி எழுதியிருப்பது உங்களைக் கட்டுப்படுத்தாது என்பதைப் பதியவையுங்கள். அவர் பெற்ற சலுகை என்ன என்று குறுக்கு விசாரணையில் கேளுங்கள்.

படி 11: தீர்ப்புக்குப் பிறகு

ஒப்புதல் வழக்கில் மேல்முறையீட்டு உரிமை குறுகலாக இருக்கலாம், அதை ஐரோப்பிய நீதிமன்றமும் ஏற்கிறது. ஆனால் ஒப்புதல் மனமுவந்து வந்ததா, தண்டனை சட்டத்துக்கு உட்பட்டதா, நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்ததா ஆகிய கேள்விகளுக்காவது வழி இருக்க வேண்டும். ஜெர்மனியில் பேரத்தோடு முடிந்த வழக்கில் மேல்முறையீட்டை முன்கூட்டியே கைவிட முடியாது; கைவிட்டதாக எழுதிக்கொடுத்தாலும் செல்லாது.

இன்னொரு பொறியும் உண்டு. ஒப்புக்கொண்டவருக்குக் கீழ் நீதிமன்றம் லேசான தண்டனை தந்து, மேல் நீதிமன்றம் ‘போதாது’ என்று கூட்டினால்? குறைவாகக் கிடைக்கும் என்று நம்பித்தானே அவர் வாதாடாமல் விட்டார். 1980-களின் தொடக்கத்தில் திப்பசாமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அப்படிக் கூட்டுவது நியாயமாகாது என்றது. தண்டனை போதாது என்று தோன்றினால் ஒப்புதலையே தள்ளிவைத்து, அவர் வாதாட விரும்பினால் வாதாடும்படி வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது.

நீதிமன்றத்தை விட்டு இறங்கும் முன் மூன்று காகிதம் கையில் இருக்கட்டும்: கையெழுத்திட்ட ஒப்பந்தம், நீதிபதி கேட்ட கேள்வியும் பதிலும் உள்ள பதிவின் நகல், தீர்ப்பின் நகல். மேல்முறையீட்டுக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று தீர்ப்பின் மேல் மூலையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். கெடு பெரும்பாலும் நாள்கணக்கில்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கி எழுந்து, ‘நான் அப்படியா சொன்னேன்?’ என்று யோசிக்கும்போது அந்த நகலும் அந்தத் தேதியும்தான் கையில் இருக்கும்.